சிஸ்பிளாட்டின் நின்றாலும் ஃபோலிக் ஆசிட் நிற்கக் கூடாது
அண்ணே, சிஸ்பிளாட்டின், பெமெட்ரெக்செட் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளையும் சேர்த்துப் போட்டதைப் பற்றி, “நாலு சுற்று முடிஞ்சுது, இனி பெமெட்ரெக்செட் மட்டும்தான், ஃபோலிக் ஆசிட் வேண்டாம்” என்று எழுதியிருக்கீங்க. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீங்க. அந்த மாத்திரையே பெமெட்ரெக்செட்டுக்காகத்தான். பெமெட்ரெக்செட் உடம்பில் ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையை முடக்கும் மருந்து; ஃபோலிக் ஆசிட் அந்த வைட்டமினின் மாத்திரை வடிவம். மாத்திரையை நிறுத்தினால் வெள்ளணு சரியும், வாயெல்லாம் புண்ணாகும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஃபோலிக் ஆசிட் தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம், கடைசி பெமெட்ரெக்செட் ஊசிக்குப் பிறகும் 21 நாள். கூடவே 9 வாரத்துக்கொரு பி12 ஊசி, 1000 மைக்ரோகிராம். யாங்கோனில் கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்க: 5 மில்லிகிராம் என்றிருந்தால் அது இந்த அளவில்லை, டாக்டரைக் கேளுங்க.

சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்கள் பெமெட்ரெக்செட் ஊசிக்கு 2 நாள் முன்னும் பின்னும், ஊசியன்றும் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைத் தொடக் கூடாது. பெமெட்ரெக்செட் உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கிவிடும்.