படலைக் கொளுக்கி

போன கிழமை கனடாவிலிருந்து அண்ணா எடுத்தார். "தங்கச்சி, காசைப் பற்றி யோசிக்காதை. பலாலியில பிளேன் ஏறினா சென்னை. அழுத்தம் கூட்டின ஒட்சிசன் அறைக்குள்ள பிள்ளையை நாற்பது தரம் வைச்சா நல்ல முன்னேற்றமாம். வீடியோ அனுப்பியிருக்கிறன், பார்."

பார்த்தேன். கழுத்து நிற்காத பிள்ளை, கடைசியில் தலை நிமிர்த்திச் சிரிக்கிறது. என் மகனுக்கும் மூளை முடக்குவாதம்தான் (செரிப்ரல் பால்சி), ஆறு வயது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

வீடியோ பொய்யில்லை. அந்தப் பிள்ளை முன்னேறித்தான் இருக்கிறது. ஆனால் அறைக்குள் போகாமல் விட்டிருந்தால் முன்னேறியிராதா? அண்ணா இருக்கிற அதே கனடாவில், கியூபெக்கில், இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 111 பிள்ளைகள். ஒரு பகுதிக்கு உயர் அழுத்த ஒட்சிசன், மற்றப் பகுதிக்குச் சற்றே அழுத்தம் கூட்டிய வெறும் காற்று. யாருக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. 40 தடவை கொடுத்தார்கள். இரண்டு பக்கப் பிள்ளைகளும் முன்னேறினார்கள், ஏறக்குறைய ஒரே அளவில். காது உபாதை மட்டும் ஒட்சிசன் பக்கம் கூட.

வெறும் காற்று வாங்கிய பிள்ளையின் அம்மாவும் கண்ணீரோடு வீடியோ எடுத்துத்தான் இருப்பார். பிள்ளை வளர்கிறது, நாங்களும் விழித்த கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு எது தெரிந்தாலும் மருந்துக்குத்தான் பெயர்.

காசு போவதுகூடப் பரவாயில்லை. அந்த அலைச்சலில் மறந்துபோவதுதான் எனக்குக் கோபம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவும், நடக்காத பிள்ளைகளுக்கு இன்னும் கூட. தொடக்கத்தில் வலியே இராது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். சுவீடனில் 1994 முதல் ஒழுங்காகப் படம் எடுத்துப் பார்த்து, வேளைக்கே சிகிச்சை செய்து, மூட்டு விலகுவதை அநேகமாக இல்லாமற் செய்துவிட்டார்கள். கிளினிக் வரிசையில் பக்கத்து அம்மாவிடம், "இடுப்புப் படம் எப்ப எடுத்தது?" என்று கேட்டேன். "அவனுக்கு இடுப்பில ஒண்டுமில்லையே அக்கா" என்றார். போன வருடம்வரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவுஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழு, இருக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டி, வீதிச் சமிக்ஞை விளக்குப் போலச் சிகிச்சைகளுக்கு நிறம் போட்டிருக்கிறது. ஒட்சிசன் அறை சிவப்பு. பிள்ளை விரும்பும் ஒரு வேலையை வீட்டிலேயே, தானே முயன்று, திரும்பத் திரும்பப் பழகுவது பச்சை. பாயில் கிடத்தி நாங்கள் கைகாலை அசைத்துவிட்ட காலமெல்லாம் நினைவு வந்தது.

எங்கள் பிசியோ மிஸ் என்னிடம் கேட்கவில்லை, மகனிடம்தான் கேட்டார், என்ன செய்ய விருப்பம் என்று. "படலை திறக்க" என்றான். சரி, படலைதான். வோக்கரில் சாய்ந்து நின்று, இடக்கையால் பிடித்து, வலக்கையால் கொளுக்கியைத் தூக்க வேண்டும். கொளுக்கி துருப்பிடித்தது, தேங்காயெண்ணெய் பூசினோம். பின்னேரம் பின்னேரமாக மூன்று மாதம். விரல் நழுவும், திட்டுவான், மறுபடி பிடிப்பான்.

இந்த முன்னேற்றமும் வளர்ச்சியிலேயே வந்திருக்காதா என்று அண்ணா மடக்கினார். நல்ல கேள்வி. இவனை மட்டும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தானே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத் தேடுகிறேன்.

போன ஞாயிறு கொளுக்கி தூக்கப்பட்டது. ஒழுங்கையில் பாதித் தூரம் போய்விட்டான். நேற்று ஒரு பூட்டு வாங்கினோம்.