73,000 பேரைக் கேட்டால் போதாதா?

‘800 கோடிப் பேர் வாழும் உலகில் 73,000 பேரைக் கேட்டுவிட்டு, 80% பேர் வலுவான காலநிலை நடவடிக்கை கேட்கிறார்கள் என்கிறார்கள், ஐநா கணக்கு பொய்’ என்றொரு தகவல் கொழும்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

ஐநா அபிவிருத்தித் திட்டத்தின் 2024 காலநிலைக் கருத்துக்கணிப்பு 77 நாடுகளில், நாட்டுக்குச் சராசரியாக 950 பேரளவில் நடந்தது. எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த 950 பேருக்கு வழு, அதாவது விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ ±3 சதவீதப் புள்ளி. சனத்தொகை பத்து மடங்கானாலும் அது அசையாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் பானையைக் கிளறியிருக்க வேண்டும். வெள்ளவத்தைச் சந்தை வாசலில் 10,000 பேரைப் பிடித்துக் கேட்டாலும் அது கொழும்பு ஆகாது: வேலைக்குப் போனவர், மட்டக்குளியில் இருப்பவர் எல்லாம் விடுபடுவர். அதனால்தான் தொலைபேசி எண்களை எழுமாற்றாக அழைத்தார்கள்.

சந்தேகப்பட வேறு இடம் உண்டு. அந்த 80%, தம் நாடு காலநிலை உறுதிமொழிகளை வலுப்படுத்த வேண்டும் என்றவர்கள். கூடுதல் மின்கட்டணம் கட்டச் சம்மதித்தவர்கள் அல்ல.