கழிவறைத் திரவம் கார்ச் சக்கரத்தைப் புதுப்பிக்குமா?

கழிவறை கழுவும் திரவத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டால் அலாய் (அலுமினியக் கலப்புலோக) சக்கரம் புதிதுபோல் மின்னும், பொங்கும் நுரையே அழுக்கு கரைவதற்கு அடையாளம் என்று சிங்கப்பூரில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் தகவல் தவறானது. அத்திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தின் ஓரக்கல்லில் உரசி மேற்பூச்சு பெயர்ந்த இடங்களில் அது அலுமினியத்தோடு வினைபுரிவதால், ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புகின்றன. அங்கே கரைவது அழுக்கன்று, சக்கரமே. பிரேக் தட்டில் தெறித்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

சக்கரத்தில் அப்பிய கருமையில் பெரும்பகுதி பிரேக்கிலிருந்து உதிரும் துகள்தான். சக்கரம் ஆறிய பிறகு கார் ஷாம்பு கலந்த நீரும் மென்மையான தூரிகையும் பெரும்பாலும் போதும்; மிஞ்சும் கறைக்கு, இரும்புத்துகளைத் தொட்டதும் ஊதா நிறமாகி வழியும் அமிலமற்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது. உலோக பாலிஷ், மேற்பூச்சு இல்லாத சக்கரங்களுக்கு மட்டுமே உரியது.