வெட்டுக்கிளிக்கு விட்ட குண்டு

(ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா கையில் ஆறிப்போன காபி. முந்தின இரவு, ராட்சத ரோபோக்கள் மோதும் மெக்வாரியர் ஆன்லைன் என்ற கணினி விளையாட்டில் செத்த துக்கம் இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. எதிரே அக்கா மகன் முரளி.)

மாமா: லோகஸ்ட்டாம்! பேரே வெட்டுக்கிளி. 20 டன் ரோபோ. என்னுடையது 100 டன் அட்லஸ். கவசம் மட்டும் 614 புள்ளி. அதற்கு முழுசாகப் போட்டாலும் 138தான். என்னைச் சுற்றிச் சுற்றி வந்தே கொன்றுவிட்டது. அதைத் தடை செய்ய வேண்டும்டா.

முரளி: அந்த 614இல் முதுகுக்கு எவ்வளவு போட்டீர்கள்?

மாமா: எதிரி முன்னால்தானே வருவான்? எல்லாவற்றையும் முன்பக்கமே போட்டுவிட்டேன்.

முரளி: பேஷ். வாசலுக்கு இரும்புக் கதவு, கொல்லைப்புறத்துக்குத் திரைச்சீலை.

மாமா: திரும்பிச் சுடலாம் என்றால், நான் திரும்புவதற்குள் அது ஒரு பிரதட்சிணம் முடித்துவிடுகிறது.

முரளி: உங்கள் அட்லஸ் மணிக்கு 48 கிலோமீட்டர் சொச்சம். அது, எஞ்சினை மாற்றாமலே 129. சரி, ஆயுதம் என்ன?

மாமா: ஏசி/20! 14 டன் பீரங்கி. ஒரே குண்டுக்கு 20 புள்ளி சேதம். பட்டால் வெட்டுக்கிளிக்குக் கால் இருக்காது.

முரளி: பட்டதா?

மாமா: பட்டால் என்றுதானே சொன்னேன்.

முரளி: ஒரு குண்டு தவறினால் அடுத்ததற்கு 4 நொடி ஆகும். அதற்குள் அது 144 மீட்டர் ஓடியிருக்கும் மாமா.

மாமா: அதற்குத்தான் தூரத்து ஏவுகணை, எல்ஆர்எம் 20உம் வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் இருபது ஏவுகணை!

முரளி: 180 மீட்டருக்குள் அது பட்டாலும் வலிக்காது. வெட்டுக்கிளி உங்கள் காலடியில் நின்றது. நீங்கள் 10 டன் எடைக்குத் தீபாவளி கொண்டாடியிருக்கிறீர்கள்.

மாமா: பின்னே கொசு பேட்டா எடுத்துக்கொண்டு போவது?

முரளி: கிட்டத்தட்ட அதேதான். மீடியம் லேசர் ஒன்று 1 டன்தான். ஒளி உடனே போய்ச் சேரும், முன்கூட்டிக் குறி பார்க்க வேண்டாம். காலிலேயே பிடித்து வையுங்கள். ஒரு கால் போனால் நொண்டும். அப்புறம் உங்கள் பீரங்கியை நிதானமாக எடுங்கள். அதுவரை முதுகைச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள்.

மாமா: 100 டன் ஆள், 20 டன்னுக்குப் பயந்து சுவரோரம் நிற்பதா?

முரளி: போன வாரம் கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறினீர்களே, அது எத்தனை டன்?

மாமா: அது பறந்ததுடா!

முரளி: எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த எல்ஆர்எம்மைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரீக் ஏவுகணை வையுங்கள். குறி பூட்டினால்தான் கிளம்பும். எதிரியைத் தவிர யாரையும் பூட்டாது. யாரையும். தயவுசெய்து வையுங்கள் மாமா.

மாமா: என்னடா, கண் கலங்குகிறது?

முரளி: நேற்று ஒரு குண்டாவது எங்கேயாவது பட்டதா? யோசித்துப் பாருங்கள்.

மாமா: ஏன், பட்டதே! வெட்டுக்கிளி குறுக்கே பாய்ந்தது, விட்டேன் ஒன்று. அதைத் தாண்டிப் போய் ஒரு ஹன்ச்பேக் ரோபோ முதுகில் இறங்கியது பார், அப்படியே பிளந்துவிட்டது. என்ன குறி, என்ன குறி!

முரளி: அந்த ஹன்ச்பேக் தலைக்கு மேல் பேர் என்ன நிறத்தில் இருந்தது? சிவப்பா, நீலமா?

மாமா: நீலம்.

(மின்விசிறிச் சத்தம் மட்டும்.)

மாமா: அது... நீயா?

முரளி: அணியில் 12 பேர். மற்ற பத்துப் பேரும் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் ஒருத்தன்தான் உங்களைக் காப்பாற்றத் திரும்பி ஓடிவந்தேன்.

மாமா: இருடா. ஹன்ச்பேக் 50 டன் ஆயிற்றே. ஒரே குண்டில் எப்படிப் பிளந்தது? முதுகுக்கு எவ்வளவு கவசம் போட்டிருந்தாய்?

முரளி: (காபி டம்ளரையே பார்த்தபடி) எதிரி முன்னால்தானே வருவான் என்று...