மறுகதிர்ச் சிகிச்சையை முற்றாக விலக்க வேண்டியதில்லை

ஒருமுறை கதிர்வீச்சுப் பெற்ற இடத்தில் பின்னாளில் சார்கோமா (தசை, கொழுப்பு, எலும்பு, இரத்தக்குழாய் போன்ற திசுக்களில் உருவாகும் புற்றுநோய்) தோன்றினால் அங்கே மீண்டும் கதிர் கொடுக்கவே முடியாது எனக் கதிர்ச் சிகிச்சை பற்றிய கட்டுரை ஒன்றில் கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. முதல் வழி சத்திரசிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் பெற்ற தோலில் சில ஆண்டுகள் கழித்துக் கன்றிய நீலத் திட்டாகத் தோன்றும் அஞ்சியோசார்கோமா (இரத்தக்குழாய்களின் உட்சுவரில் உருவாகும் சார்கோமா வகை), கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் பரவியிருக்கக்கூடியது என்பதால், வெட்டி எடுத்த பின்பும் அதே இடத்தில் அடிக்கடி திரும்பி வருகிறது. அத்தகையோரில் தெரிந்தெடுத்த சிலருக்கு, ஏறத்தாழ ஒரு கிரே (கதிர் அளவின் அலகு) கொண்ட சிறு பங்குகளை நாளொன்றுக்கு இருமுறையோ மும்முறையோ கொடுக்கும் முறை வெளிநாட்டு மையங்களில் கையாளப்பட்டுள்ளது. பங்கு சிறிதாகும்போது இயல்பான திசுக்களில் பிற்காலத்தில் வெளிப்படும் பாதிப்புக் குறையும் என்பதே அதன் அடிப்படை. ஆறாத புண், தோல் இறுகுதல், விலா எலும்பு முறிதல் ஆகிய அபாயங்கள் அப்போதும் இருக்கவே செய்யும். அந்த அளவில் கட்டுரையாளரின் அச்சம் நியாயமானது.

கட்டுரை தொடாத விடயம் முதல் கதிர்ச் சிகிச்சையின் பழைய பதிவு. முன்பு 25 தடவைகளில் 50 கிரே கொடுக்கப்பட்டதா, எந்தக் கோணங்களில், இதயமும் நுரையீரலும் எவ்வளவு பெற்றன என்பது தெரியாமல் இரண்டாம் திட்டத்தைப் பாதுகாப்பாக வரைய இயலாது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ சென்று சிகிச்சை பெற்றுத் திரும்புவோரின் கையில் பெரும்பாலும் எஞ்சுவது கிளினிக் கொப்பி மட்டுமே (அதுவும் மாரி மழைக்குத் தப்பினால்). சிகிச்சை முடியும் நாளிலேயே கதிர் அளவுச் சுருக்கத்தின் பிரதியைக் கேட்டுப் பெறுமாறு கட்டுரையில் ஒரு வரி சேர்க்கலாம்.