எண்ணாமல் எழுதிய 240 மரங்கள்

பினாங்கு மாநிலம் நிபோங் திபாலுக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவுக்கு நான்கு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. பக்கத்து இரண்டு ஏக்கரும் விலைக்கு வந்ததால், இதை அடமானம் வைத்துக் கடன் கேட்டிருந்தார். மதிப்பிட ஒருவர் வந்தார். செம்மண் சாலையோரமாகக் காரை நிறுத்தினார், கைப்பேசியில் நாலு படம் எடுத்தார். அப்புறம் கேட்டார்: "அங்கிள், உங்களுக்கு எவ்வளவு லோன் வேணும்?"

அந்தக் கேள்வி பல நாளாக என் மனதை அறுக்கிறது.

அறிக்கையில் மரத்தின் வயது 12, எண்ணிக்கை 240. அந்தக் கன்றுகளை நட்டபோது நான் ஆறாம் ஆண்டு படித்தேன். இப்போது எனக்கு 34 வயது. அப்படியென்றால் மரத்துக்கு 22 வயது இருக்கும். ஏக்கருக்கு 60 என்று கணக்குப் போட்டு 240 எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினோம். 187. மற்ற இடமெல்லாம் வெறும் பள்ளம். நிற்கிற மரங்களிலும் சிலவற்றின் அடியில் கனோடெர்மா காளான் பூத்திருக்கிறது. தண்டின் அடிப்பகுதியை உள்ளிருந்தே அழுகவைக்கும் நோய் அது. தோட்டத்துக்குள் பத்தடி நடந்தவர் கண்ணில் படாமல் போகாது.

தொகை கூடியதில் பெரியப்பாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பயம். செம்பனையை 25 வயது வாக்கில் வெட்டி மறுநடவு செய்வார்கள். புதுக் கன்று காய்க்க இரண்டரை, மூன்று வருடம் ஆகும். அந்த நாட்களில் வங்கித் தவணையை எதை விற்றுக் கட்டுவார்? இல்லாத 53 மரங்கள் குலை தள்ளப் போவதில்லை.

நம் மலேசியாவில் மதிப்பீட்டுத் தொழிலுக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு செய்யும் வாரியம் இருக்கிறது, எழுதிவைத்த தரநிலைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் பண்ணை மதிப்பீட்டாளர்களுக்கு 1929-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள். முன்கூட்டியே பேசிவைத்த தொகையை எழுதித் தருவதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அங்குள்ள தொழில் விதி சொல்கிறது. விதி இருந்தால் மட்டும் போதுமா? காரை விட்டு இறங்க மனம் வேண்டாமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். நாளை இதே நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுத்தால், இழப்பீடு போதவில்லை என்று 'N' பாரம் என்ற படிவத்தின் வழியாக ஆட்சேபிக்கலாம். நில அலுவலக விசாரணைக்குப் போயிருந்தவருக்கு, அங்கே இழப்பீட்டைத் தீர்மானித்த நாளிலிருந்து ஆறு வாரம்தான் அவகாசம். அந்த ஆட்சேபத்தை விசாரிக்கும் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டாளர்களும் அமர்வார்கள். அங்கே சிறு விவசாயியின் கையில் இருக்கும் ஒரே பலம் மதிப்பீட்டு அறிக்கைதான். கட்டணம் கொடுப்பவர் கேட்ட எண்ணை எழுதுவது வழக்கமாகிவிட்டால், உண்மையான அறிக்கையை யார் நம்புவார்கள்?

தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் வாங்குவதற்காகத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ஒரு துண்டு நிலம் நமக்கு எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதை மதிப்பிட வருகிறவர் ஒரு மணி நேரம் வெயிலில் நடக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா? அறிக்கை கைக்கு வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல், மரத்தின் வயதையும் எண்ணிக்கையையும் நீங்களே சரிபாருங்கள்.

187 என்ற எண்ணையும் நட்ட வருடத்தையும் எழுதி, மறுமதிப்பீடு கேட்டுக் கடிதம் தயாரித்துவிட்டேன். பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்த வாரக் கடைசியில் மறுபடியும் போகிறேன், இந்த முறை அவரையும் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு நடக்க.