புனைபெயரைத் திட்டி என்ன பயன்?

புனைபெயர்களை ஒழித்தால் இணையத்தில் வசை குறைந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் வாதிடுகிறார் அதன் கட்டுரையாளர். தென் கொரியா 2007இல் இதைத்தான் செய்து பார்த்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். தீய பதிவுகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே அதை ரத்து செய்தது. இடையில், 2011இல் அடையாள விவரங்களைச் சேர்த்துவைத்திருந்த தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பயனாளர்களின் விவரங்கள் திருடுபோனதுதான் மிச்சம்.

சொந்தப் பெயர், குடும்பப் படம், வேலை பார்க்கும் நிறுவனம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே வாய்கூசாமல் ஏசுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு ஆதாரத்தோடு பொறுமையாகப் பதில் சொல்பவர், பல நேரம், ஒரு செம்பருத்திப் படத்துக்குப் பின்னால் இருப்பவர்தான். பெண்கள் பலர் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வது என்ன விளையாட்டுக்கா? முழுப் பெயர் தெரிந்த அன்றே உள்பெட்டி தொல்லைச் செய்திகளால் நிரம்பிவிடும். கட்டுரையாளர் அதை ஒரு வரியில்கூடத் தொடவில்லை.